கோமுக் நடை: இறங்கும் நாளுக்குத்தான் திட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கோடைப் பயணக் கட்டுரையில் கங்கோத்ரி–கோமுக் நடை பற்றிய பகுதி குறித்து எழுதுகிறோம். உத்தரகண்ட் மலையில், பாகீரதி ஆறு பனியாற்றிலிருந்து (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்) வெளிப்படும் இடம்தான் கோமுக்; வழியில் தங்கும் இடம் போஜ்பாசா. முதல் நாள் கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா ஏறி, மறுநாள் விடியலில் கோமுக் பார்த்துவிட்டு, அன்று மாலைக்குள் கங்கோத்ரிக்கே இறங்கிவிடலாம், இறக்கம்தான் என்பதால் சிரமம் இருக்காது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடக் கூடாது. பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து பள்ளி விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ டெல்லி போய், ஹரித்வார் வழியாகக் கங்கோத்ரி போகிற குடும்பங்கள் உண்டு. கூடவே அறுபதை நெருங்கும் அம்மா அப்பாவும் இருப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் தூரக் கணக்கு. கங்கோத்ரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர். அங்கிருந்து 9 கி.மீ. மேலே சிர்பாசா, 14 கி.மீ.யில் போஜ்பாசா, 18 கி.மீ.யில் கோமுக். போஜ்பாசா சுமார் 3,800 மீட்டர், கோமுக் சுமார் 4,000 மீட்டர். கட்டுரை சொல்லும் இரண்டாம் நாளில் கோமுக்குக்கு 4 கி.மீ., அங்கிருந்து கங்கோத்ரிக்கு 18 கி.மீ., ஆக 22 கி.மீ. நடக்க வேண்டும். அதுவும் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும் உயரத்தில். பழக்கமுள்ள இளைஞர்கள் இந்தத் தூரத்தை நடந்துவிடுவார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இடிக்கிற விஷயம் நேரம். கோமுக் பார்த்துப் போஜ்பாசா திரும்பக் காலை 10 மணி ஆகும். சாப்பிட்டு மூட்டை கட்டினால் 11. அதன் பிறகு இறங்க ஆரம்பித்தால், அந்தப் பள்ளத்தாக்கில் எதையெல்லாம் காலையிலேயே தாண்டிவிட வேண்டுமோ அதையெல்லாம் நடுப்பகலிலும் பிற்பகலிலும் தாண்ட வேண்டியிருக்கும்.

அவற்றில் முதலாவது கல் விழும் சரிவு. போஜ்பாசாவுக்கும் சிர்பாசாவுக்கும் நடுவில் பாதை, பழைய பனியாறு விட்டுப்போன மண்ணும் கல்லும் கலந்த மேட்டின் விலாவில் போகிறது. அந்த மேட்டை இரவுக் குளிர் உறையவைத்துப் பிடித்திருக்கும். பாதை ஆற்றின் வலக்கரையில் இருப்பதால் சரிவு தெற்கு, தென்மேற்காக வெயிலைப் பார்த்து நிற்கிறது. வெயில் ஏற ஏற உறைந்த ஈரம் இளகி, கற்கள் பிடிமானம் இழக்கின்றன. மேலே மேயும் நீல ஆடுகளின் கால் பட்டும் கல் உருளும். காற்று கிளம்பினாலும் உருளும். காலை 8 மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டிவிடுவது என்று வைத்துக்கொண்டால் போஜ்பாசாவிலிருந்து 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். தாண்டும்போது கூட்டமாகப் போகக் கூடாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 20 அடியாவது இடைவெளி வேண்டும். இந்தப் பக்கம் நிற்கும் ஒருவர் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்து குரல் கொடுக்க வேண்டும். காதில் இயர்போன் கூடாது, நின்று படம் எடுக்கக் கூடாது. கல் வருவது தெரிந்தால் முதலில் அண்ணாந்து அது வரும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் விலக வேண்டும். பார்க்காமல் ஓடுகிறவர் கல்லுக்கு எதிரேயே ஓடிவிடுவது உண்டு. பெரிய பாறை பக்கத்தில் இருந்தால் அதன் கீழ்ப்பக்கம் ஒண்டி, முதுகுப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளலாம்.

ரொம்பச் சீக்கிரம் கிளம்புவதும் தவறு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மே முதல் பாதியில் ஓடைப் பள்ளங்களில் பழைய பனி திட்டுத் திட்டாகக் கிடக்கும். அதிகாலையில் அது கல்லாக இறுகியிருக்கும்; சாதாரண ஷூ வழுக்கும். பகலில் மிருதுவாகும், ஆனால் அடியில் ஓடை அரித்துக் கூடாக்கியிருக்கும். மேலே கால் வைத்தால் உள்ளே விழ நேரும். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடத்தில் பனியின் மேல் நிற்காதீர்கள், விளிம்பிலும் நிற்காதீர்கள். முன்னே போனவர்களின் தடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். நம் ஊர் ஆறு மழைக்குப் பெருகும். பனியாற்றிலிருந்து வரும் ஆறு வெயிலுக்குப் பெருகும். பாகீரதி கிளம்புகிற கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கி.மீ. நீளமுள்ளது. அதன் மேல் வெயில் பட்டு உருகிய நீர் ஆற்றுக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் ஆறும் பக்கத்து ஓடைகளும் விடியலில் மிகக் குறைவாகவும் பிற்பகலிலிருந்து மாலை வரை மிக அதிகமாகவும் ஓடும். இந்தப் பாதையில் குறுக்கிடும் ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். அவற்றின் மேல் மரக்கட்டைகளும் பலகையும் போட்ட பாலங்கள்தான் இருக்கும். குளிர்காலப் பனியோ மழையோ அடித்துக்கொண்டு போனால் மறுபடி போடும்வரை தண்ணீரில் இறங்கித்தான் தாண்ட வேண்டும். ஏறும்போது முழங்காலுக்குக் கீழே இருந்த ஓடை, மறுநாள் மூன்று மணிக்குத் தொடை வரை இருக்கக்கூடும். நிறத்தைப் பார்த்து ஆழத்தை மதிப்பிடவும் முடியாது. பனியாறு அரைத்த பாறைமாவு கலந்து தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும், அடி தெரியாது. உள்ளே கற்கள் உருண்டு மோதும் ஓசை கேட்டால் அந்த ஓடையில் இறங்கவே கூடாது.

இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அகலமான, பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். குறுகலான இடத்தில் வேகமும் ஆழமும் அதிகம். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு இறங்குவது பலர் செய்யும் தவறு. தண்ணீர் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருப்பதால் அரை நிமிடத்தில் பாதம் மரத்துவிடும், எதன்மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. சாக்ஸை மட்டும் கழற்றிவிட்டு ஷூவோடு இறங்கி, அக்கரையில் காய்ந்த சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகர வேண்டும். முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். மறுநாள் காலையில் தண்ணீர் இறங்கியிருக்கும், அப்போது தாண்டலாம்.

ஓடை வந்து ஆற்றில் சேரும் இடத்தில் விசிறி போலச் சமதளம் இருக்கும். உட்காரவும் கூடாரம் போடவும் வசதியாகத் தெரியும். அந்தச் சமதளமே முன்பு வந்த வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும்தான். கங்கோத்ரி போகும் சாலையில் ஹர்சிலுக்கு அருகே உள்ள தராலியில், 2025 ஆகஸ்ட் 5 அன்று பிற்பகல் ஓடை வழியே இறங்கிய சேற்று வெள்ளம் கட்டடங்களைச் சில நொடிகளில் மூடியது. ஊரே அத்தகைய விசிறியின் மேல்தான் அமைந்திருந்தது. ஓய்வெடுக்கும் இடத்தைப் பாறை மேட்டில் தேர்ந்தெடுங்கள்.

கீழே சாலையோரம் வண்டியை நிறுத்திக் குளிக்க இறங்குகிறவர்களுக்கும் ஒன்று. உத்தரகாசிக்கு மேலே மனேரியில் அணை இருக்கிறது. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் தண்ணீர் எந்த மணியிலும் திடீரென உயரலாம். 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தில் பியாஸ் ஆற்றில், மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்த நீரில், ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். கரைக்கல்லில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். படித்துறை தவிர வேறெங்கும் ஆற்றில் கால் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, காற்று. காசிமேட்டில் மதியம் ஏன் கடலிலிருந்து காற்று வருகிறது என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்: தரை சூடாகி மேலெழும் காற்றின் இடத்தைக் கடற்காற்று நிரப்புகிறது. பள்ளத்தாக்கிலும் அதுவே நடக்கிறது. மலைச்சரிவுகள் சூடேறியதும் கீழிருந்து மேலாகக் காற்று கிளம்பி, முற்பகல் முடியும்போது பலமாகிவிடும். இறங்குகிறவருக்கு அது நேரே முகத்தில், மணலோடு. கண்ணாடி இல்லாவிட்டால் நடக்க முடியாது. வேர்த்த உடம்பைக் குளிரவைத்துவிடுவதும் அதுதான். 6 மணிக்குக் கிளம்பினால் 8, 8.30-க்குச் சிர்பாசா, அரை மணி ஓய்வு, மீதி 9 கி.மீ.க்கு மூன்று, மூன்றரை மணி நேரம். காற்று முழு வேகம் பிடிக்கும் நேரத்தில் கங்கோத்ரி.

ஆகவே சரியான திட்டம் இதுதான். முதல் நாள் போஜ்பாசா. இரண்டாம் நாள் கோமுக் பார்த்துத் திரும்பி, போஜ்பாசாவிலேயே இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் காலையில் இறக்கம். தங்குவதற்குக் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் விடுதியும் ஆசிரமமும் உண்டு. படுக்கைகள் குறைவு, முன்பதிவு அவசியம். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் வனத்துறை அனுமதி தருகிறது, எத்தனை நாளுக்கு என்பதைச் சொல்லி வாங்க வேண்டும். யாத்திரைப் பதிவு தனி, இந்த அனுமதி தனி. தங்கள் கட்டுரையில் அனுமதி பற்றி ஒரு வரிகூட இல்லை. சீட்டு இல்லாமல் போனால் கங்கோத்ரியிலிருந்து சுமார் 2 கி.மீ.யில் உள்ள கன்கு சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோமுக்கில் பனிமுகப்புக்கு நேர் கீழே போகவே வேண்டாம். வீட்டளவு பனிக்கட்டிகள் முன்னறிவிப்பில்லாமல் உடைந்து விழும். தீர்த்தம் வேண்டுமென்றால் போஜ்பாசாவில் ஓடுவதும் அதே தண்ணீர்தான்.

ஏறும் வேகத்தைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிமுறை. கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா 700 மீட்டர் கூடுதல். எனவே உத்தரகாசியில் ஓர் இரவு, ஹர்சிலில் ஓர் இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. அப்படி இருப்பவரை நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேரம் பார்க்காமல் துணையோடு இறக்கிவிட வேண்டும். இறக்கமே முதல் மருந்து. உயரத்தில் வரும் இந்த நோவுக்கான அசிடசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. குளூக்கோமீட்டரும் குளிரில் தவறு காட்டும், அதையும் உடம்போடு வையுங்கள்.

இனி, கால். இந்தப் பாதையின் சரிவு செங்குத்தானது அல்ல. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 50 மீட்டர்தான் இறங்குகிறது. நடுவில் சிறு ஏற்றங்களும் உண்டு. ஆனாலும் 14 கி.மீ. தொடர்ந்து இறங்கும்போது முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. ஏறும்போது அது சுருங்கி வேலை செய்கிறது. நீண்டுகொண்டே தாங்கும் வேலைதான் தசை நாரை அதிகம் சிதைக்கும். மூச்சு வாங்காததால் கஷ்டமே தெரியாது. வலி மறுநாள் தொடங்கி மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும். நான்கு தல யாத்திரையில் கங்கோத்ரிக்குப் பிறகு கேதார்நாத் ஏறுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்து நடுவில் நாள் விட வேண்டும்.

இதற்குப் பயிற்சி தட்டையான சாலையில் நடப்பதால் வராது. பூங்காவில் தினம் ஐந்து சுற்று நடக்கிறவருக்கும் இறக்கத்தில் தொடை நடுங்கும். வடசென்னையில் மேடே இல்லை என்று நினைக்க வேண்டாம். நான்கு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டு போதும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கி, வாரம் மூன்று நாள், முதலில் 15 நிமிடம், பிறகு 45 நிமிடம் வரை. லிஃப்ட் இருந்தால் அதில் ஏறிப் படியில் இறங்குங்கள், இங்கே இறக்கம்தான் பயிற்சி. கடைசி இரண்டு வாரம் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. காலை எறிந்து இறங்காமல், முழங்கால் சற்று மடங்கி, மெதுவாக, சத்தமில்லாமல் பாதம் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பரங்கிமலை, ஒருமுறை திருக்கழுக்குன்றம் போய்வரலாம். திருக்கழுக்குன்றத்தில் 500-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

ஷூவைப் புதிதாக வாங்கி அப்படியே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், 50 கி.மீ.யாவது அதில் நடந்திருக்க வேண்டும். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். லேஸ் கட்டாத ஷூவில் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழைய வேண்டும். இடம் போதாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் முனையில் இடித்து நகத்தடியில் இரத்தம் கட்டி, நகம் கழன்றுவிடும். நகத்தை நான்கு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் லேஸை அவிழ்த்து, கணுக்காலை ஒட்டிய கடைசி இரண்டு துளைகளில் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே நழுவாது. இந்த ஒரு நிமிட வேலையைப் பலர் செய்வதில்லை. சூடு பிடித்த மாதிரி ஓர் இடத்தில் உறுத்தினால் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கம்பு இரண்டு வேண்டும். இறக்கத்தில் ஏற்றத்தைவிட 5 முதல் 10 செ.மீ. நீளமாக வைத்து, காலுக்கு முன் கம்பை ஊன்ற வேண்டும். இறங்கும்போது ஆறு இடப்பக்கம், மலை வலப்பக்கம். எதிரே சுமையோடு யார் வந்தாலும் நீங்கள் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். ஆற்றுப்பக்கம் ஒதுங்குகிறவரைச் சுமையின் மூலை தட்டிவிடும்.

உடையில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். பனியனும் ஜீன்ஸும் வேர்வையில் நனைந்தால் காயாது, காற்று பட்டதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பாலியெஸ்டர் பனியன், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. தெருவோரம் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் ரெயின்கோட் அந்தக் காற்றில் கிழிந்துபோகும். சென்னையில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாளில் போஜ்பாசாவில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆனால் பகல் வெயில் நம் ஊர் வெயிலைவிடத் தோலைச் சுடும். புற ஊதாக் கதிர் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, பனியும் அதைத் திருப்பி அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடி குழந்தைகளுக்கும் வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். ஆற்று நீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். 3,800 மீட்டரில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் வேலை செய்ய இரு மடங்கு நேரம் எடுக்கும். வழியில் கடலை மிட்டாய், பேரீச்சை, ஓ.ஆர்.எஸ். போதும். உறைகளை எல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

போஜ்பாசா என்ற பேரே அங்கே நின்ற போஜ (பிர்ச்) மரங்களால் வந்தது. விறகுக்கு வெட்டியே அவை அழிந்தன. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் 1990-களிலிருந்து அங்கே கன்று நட்டு வளர்க்கப் பாடுபட்டவர். அந்தக் கன்றுகளுக்கு நடுவே குறுக்கு வழி போடுவதும், பூஜைக்கென்று போஜ மரப்பட்டையை உரித்து வருவதும் நம்மவர்கள் செய்யக் கூடாத காரியம்.

பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் இந்நேரம் தங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். அதனால் வரும் ஞாயிறு இணைப்பிலேயே, ஒரே நாளில் 22 கி.மீ. என்பதை இரண்டு இரவுத் திட்டமாகத் திருத்தி, வனத்துறை அனுமதி, கங்கோத்ரியில் இரண்டு இரவு, காலை 6 மணி இறக்கம் ஆகிய மூன்றையும் கட்டம் போட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலைநடை நண்பர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.